ஆறு மாதம் உயிரோடு இருக்க வேண்டிய மரம்

வாத்தியாரே,

இன்று மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் அவமானப்பட்டேன். காரணம் நீதான். கல்லாவில் சின்ன மண்சட்டியில் ஏதோ செடி வைத்திருந்தார்கள். கை கழுவிவிட்டு வந்தவன், யோசிக்காமல் அதைத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பார்க்கச் சாய்த்தேன். மண் மொத்தமும் சோம்புத் தட்டில் கொட்டியது.

"அங்கிள், என்ன தேடுறீங்க?" என்றாள் கல்லாவில் இருந்த பெண்.

"யார் செஞ்சதுன்னு பாத்தேன்மா."

"பாசார்ல வாங்குனது அங்கிள். ரெண்டு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ லா."

ஓய்வு பெற்ற இரண்டு ஆசிரியர்களுக்கு வேறு பொழுதுபோக்கே கிடைக்கவில்லையா? மீன் பிடித்திருக்கலாம். கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போட்டிருக்கலாம். நீதான் என்னைக் கையால் செய்த போன்சாய் சட்டிகளின் பின்னால் அலையவிட்டாய். "மேல்பக்கம் கடைக்காரனுக்கு, அடிப்பக்கம் நமக்கு" என்பாய். கால்கள் கத்தியால் செதுக்கியதா, அச்சில் வார்த்ததா? நீர் வடியும் துளையின் விளிம்பைக் குயவர் விரலால் மழுக்கியிருக்கிறாரா, குத்திவிட்டு விட்டுவிட்டாரா? கணக்கு வாத்தியாரான நீ, மாணவனின் விடையைவிட ஓரத்தில் கிறுக்கிய செய்முறையைத்தான் அதிக நேரம் பார்ப்பாய். சட்டியையும் அப்படித்தான் பார்த்தாய்.

கிள்ளானில் உன் வீட்டு அலமாரியில் முப்பது சட்டிகள். முப்பதும் காலி. "ஒண்ணுலயாவது வெங்காயம் நட்டுக்கவா?" என்று உன் மனைவி கேட்கும்போதெல்லாம் நீ அலமாரியை மறைத்துக்கொண்டு நிற்பாய்.

அப்போதுதான் கிள்ளானுக்கு வெளியே இருக்கும் அந்தக் குயவர் அக்காவைக் கண்டுபிடித்தோம். சீனப் பெண்மணி, ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் நம் இருவரையும்விட வேகமாகத் தமிழ் பேசினார். அவர் அலமாரியில் அந்த நீள்வட்டச் சட்டி இருந்தது. பச்சை மெருகு விளிம்புக்கு வரவர மெலிந்து, அடியில் இருந்த மண்ணின் சிவப்பு கசிந்து தெரிந்தது. உள்பக்கம் அவர் விரல் ஓடிய வரி ஒன்றை அழிக்காமல் விட்டிருந்தார். நீ அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்க மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டாய்.

"மரம் எங்க?" என்றார் அக்கா.

"மரம் இல்லக்கா. சட்டி மட்டும் சேக்குறோம்."

"செருப்பு வாங்கிச் சாமி ரூம்ல வைப்பியா நீ? நல்ல சட்டின்னா, வர்றவன் மரத்தத்தான் பாக்கணும். சட்டி கண்ணுல படக் கூடாது. மரம் இல்லாதவனுக்கு நான் விக்கிறதில்ல."

மறுநாளே சுங்கை பூலோ நர்சரிக்குப் போய் ஒரு குட்டி ஆலமரம் வாங்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றோம். கிளையில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. அக்கா சீட்டைப் பிய்த்து உன் சட்டைப்பையில் வைத்தார். "ஆறு மாசம் உயிரோட வச்சிட்டு வாங்க. அது வரைக்கும் சட்டி இங்கேயே இருக்கும்."

அதுவரை உன்னிடம் எந்தச் செடியும் ஆறு வாரம் தாண்டியதில்லை. ஆனாலும் அன்று உன் முகத்தில், முதல் நாள் பள்ளிக்குப் போன பிள்ளையின் உறுதி இருந்தது. இரண்டு வாரம் உன்னிடம், இரண்டு வாரம் என்னிடம் என்று முறை வைத்தோம். என் வீட்டுக்கும் கிள்ளானுக்குமாகக் கொமுட்டர் ரயிலில் மரத்தை மடியில் வைத்துக்கொண்டு போய்வந்தேன். எதிரில் இருந்த மலாய்க்கார ஆன்டி ஒருவர், "பேபியா அங்கிள்?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார்.

இப்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மாதமே என்னிடம் மரம் செத்துப்போனது. உரம் ஒரு கரண்டி போதும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. சுமாரான மாணவனுக்குச் சிறப்பு வகுப்பு வைப்பதுபோல நான் மூன்று கரண்டி போட்டேன். நாலே நாளில் மொட்டை. உனக்குச் சொல்லத் தைரியம் இல்லாமல் சுங்கை பூலோவுக்கு ஓடினேன். நர்சரிக்காரர் என்னைப் பார்த்ததும், "அதே சைஸ்தானே அண்ணே?" என்றார். என்ன ஞாபகசக்தி என்று வியந்தேன்.

கிள்ளான் நிலையத்தில் புது மரத்தை உன்னிடம் நீட்டியபோது எனக்கு வியர்த்தது. நீ கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாய். "உன் கைராசிய்யா. என்கிட்ட இருந்தப்ப இவ்வளவு செழிப்பா இல்ல" என்றாய். அன்று உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐந்தாவது மாதம், உன் முறையின்போது, ஒரு காலையில் நீ எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மனைவி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். அங்கே ஒன்றுபோல இரண்டு குட்டி ஆலமரங்கள் இருந்தன.

"எத எடுத்துட்டுப் போறீங்கண்ணே?"

"ஏம்மா ரெண்டு?"

"ஒண்ணு செத்தா ஒண்ணு வேணும்னு ஸ்பேர் வாங்கி வச்சிருந்தாரு. இதுவரைக்கும் நாலு வாங்கிட்டாருண்ணே. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. 'அவன் நேர்மையான ஆளு, தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவான்'னாரு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்துவிட்டு, அழுகிறேன் என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீரை வாங்கும்போது அழுதுகொண்டுதான் இருந்தேன்.

ஆறு மாதம் முடிந்த அன்று, அந்த இரண்டில் ஒரு மரத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். அந்தச் சட்டியை எப்படியும் வாங்கி உன் படத்துக்குக் கீழே வைத்துவிட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் குறி. அக்கா மரத்தின் அடியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"சார், அன்னைக்குக் கட்டைவிரல் தடிமன் இருந்துச்சு. இன்னைக்குச் சுண்டுவிரல். மரம் இளைக்குமா? நீங்க சயின்ஸ் வாத்தியாராச்சே."

வெயில், மண், காற்று என்று ஒரு பாடமே தயாராக வைத்திருந்தேன். சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார். ஆனால் பொய் சொல்லி வாங்கிய சட்டியை உன் படத்துக்குக் கீழே எந்த முகத்தோடு வைப்பது? என் மரம், உன் நாலு மரம், உன் ஸ்பேர் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அந்தக் கணக்கு சார் எங்க? வெளிய ஒளிஞ்சிக்கிட்டு நிக்கிறாரா?"

நீ போய்விட்டதைச் சொன்னேன். அவர் களிமண் கையைத் துணியில் நிதானமாகத் துடைத்தார். எழுந்துபோய் அந்தச் சட்டியை எடுத்துவந்தார். கொடுக்கப்போகிறார் என்று கையை நீட்டினேன். அவர் அதைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை எனக்குக் காட்டினார். நான் ஆசை தீரப் பார்க்கும்வரை பிடித்திருந்தார். பிறகு மறுபடி அலமாரியில் வைத்துவிட்டார்.

"ஆறு மாசம் சார். இன்னையிலருந்து. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

இது நான்காவது மாதம். உரம் போடுவதில்லை. தினமும் விரலை மண்ணில் விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர். நேற்று ஒன்பது இலைகள் உதிர்ந்தன. பணப்பையை எடுத்துக்கொண்டு ரயில் நிலையம்வரை போய்விட்டேன். சுங்கை பூலோ வழியாகப் போகும் ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது. வீட்டுக்குத் திரும்பி வந்து, மரத்தில் மிச்சம் இருக்கும் இலைகளை எண்ணினேன். அறுபத்திரண்டு.

உள்ளதை உள்ளபடி உனக்குச் சொல்கிறேன், வாத்தியாரே. அறுபத்திரண்டுதான்.