சொந்த ஊர்க்காரர்கள் சாய்த்த குதிரை

ஜனவரி 17, காணும் பொங்கல்

குதிரைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. சற்றுமுன் கால்நடை மருத்துவர் போனில் சொன்னார். முன்னங்காலை ஊன்ற முடியவில்லையாம்.

நோணாங்குப்பம் பாலத்தைத் தாண்டி நடந்த குதிரை வண்டிப் பந்தயத்துக்குச் சாலையின் இருபுறமும் நிற்க இடமில்லாத கூட்டம். முன்னணியில் ஓடிவந்தது மணவாளன் ஓட்டிய வெள்ளைக் குதிரை. அதற்கு வேகம் ஏற்றுவதாக நினைத்து அவருடைய ஊர்க்காரர்களே பைக்குகளில் ஒட்டி உரசிக்கொண்டு வந்தார்கள். விடாமல் ஹாரன், கூச்சல். எல்லாப் பந்தயத்திலும் இதுதான் வழக்கம். இன்று ஒரு பைக் குதிரையின் காலிலேயே மோதியது. குதிரை வண்டியோடு சாய்ந்தது.

முழங்கை கிழிந்த மணவாளன் அதன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, "தண்ணி கொண்டாங்கடா!" என்று கத்தினார். சுற்றிலும் செல்போன்கள்தான் நீண்டன.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காரு. குதிர மூஞ்சிய மறைக்கிற," என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். கையில் பாட்டில் வைத்திருந்தவன் தண்ணீரைத் தானே குடித்துக்கொண்டு படம் எடுத்தான்.

நான் நிருபர் என்று தெரிந்து, மோதியவனே என்னிடம் வந்தான். "விழற வரைக்கும் நம்ம குதிரதான சார் முன்னாடி? பேப்பர்ல அத போட்டுடுங்க."

அருவருப்பாக இருந்தது. திரும்பி நடந்துவிட்டேன்.

காலையில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எலும்பு முறிந்திருந்தால் ஊசி போட்டு முடித்துவிட வேண்டியதுதான் என்கிறார் மருத்துவர். பத்து மணிக்குள் தெரிந்துவிடும். மணவாளனிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை.