யானை பார்க்கப் போகிறோம் என்று சொல்லாதே

வசந்தாமணி,

பள்ளிபாளையத்துக் காதுகுத்துக்குக் கிளம்பிவிட்டேன். நீ தண்ணீருக்குப் போயிருக்கிறாய். பாப்பாவை என் தம்பி திண்ணையில் வைத்திருக்கிறான். அவளுக்குப் பருப்புச்சோறு பிசைந்து மூடியிருக்கிறேன். சாவி மாடத்தில்.

"அந்தக் கால் பயிற்சியம்மா புள்ளைய என்னமோ பண்றாங்க, இனி சேலத்துக்குப் போக வேண்டாமுங்க" என்று நேற்றுச் சண்டை போட்டாயே, அப்போது நான் வாய் திறக்கவில்லை. அந்தம்மா மேல் தப்பில்லை. அழாமல் பஸ் ஏற வேண்டுமே என்று, "யானை பாக்கப் போலாஞ் சாமி" என்று நான்தான் ஒவ்வொரு வாரமும் ஏமாற்றிக் கூட்டிப் போனேன். சனிக்கிழமை நம் தெருவுக்கு நிஜ யானை வந்தது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பின்னால் ஓட, இவள் மட்டும் போலியோக் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு, "வேண்டாம் அத்தே" என்று அலறினாள்.

இன்று சேலத்துக்குப் போகாமல் இருந்துவிடாதே. "ஆசுபத்திரிக்குத்தான் போறோம், கால் கொஞ்சம் வலிக்கும், அம்மா மடியிலயே வெச்சுக்குவேன்" என்று உள்ளதைச் சொல். அவள் பொம்மையையும் எடுத்துக்கொள். முதலில் பொம்மையின் காலை நீட்டி மடக்கிக் காட்டச் சொன்னால், அந்தம்மா செய்வார்.

கோபத்தை என்மேல் வைத்துக்கொள்.

சௌந்திரம்

இன்னொன்று. கிளம்பும்போது, "பொழுதோட வந்தர்றேன் சாமி" என்றேன். "பொய்யா அத்தே?" என்று கேட்டாள். பொய்தான்; இரண்டு நாள் தங்குவதாக இருந்தேன். இனித் தங்கமாட்டேன், இன்று இரவே வந்துவிடுவேன். என்னைப் பார்க்கும்வரை அவளைத் தூங்க வைக்காதே.