இரண்டே முக்கால் அடி

கோவில்பதாகை,
திங்கட்கிழமை காலை

அன்பு மகள் விஜிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், நெதர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை செல்வகுமாரும் எங்களைவிட ஒரு படி கூடவே சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் பேப்பரில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் திருத்துவாள், எனக்குக் கோர்வை விட்டுப்போகும். எழுதி முடித்ததும் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, நாலு வரிக்கு ஒருதரம் எழுந்து தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

கரண்ட் போனால் அம்மாவின் மூச்சு மிஷின் நின்றுவிடுகிறதே என்று நீ அங்கிருந்தே ஏற்பாடு செய்த பேட்டரி போன வாரம் வந்து இறங்கியது. கோவில்பதாகையே கூடிவிட்டது என்று வைத்துக்கொள். நானூறு கிலோ இருக்கும், நாலு பேர் திணறினார்கள், நான் ஒரு கை கொடுத்த பிறகுதான் அசைந்தது. மாட்ட வந்தவர் சரவணக்குமார், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன். அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிடலாம் என்றேன், ஆள் தூங்குகிற அறையில் வைக்கவே கூடாது என்றார். மாடிப்படிக்குக் கீழே என்றேன், ஏதாவது பற்றிக்கொண்டால் மேலே இருப்பவர்கள் எந்த வழியாக இறங்குவார்கள் என்று கேட்டார். பின்பக்கம் கேஸ் சிலிண்டர் இருக்கிறது. கடைசியில் கிழக்குப் பக்க வெளிச்சுவரில், வெயில் படாமல் மேலே தகரம் போட்டு, சுற்றிலும் காற்றுக்கு இடம் விட்டு, தனி பிரேக்கரும் தனி எர்த்தும் கொடுத்து மாட்டினார். நான் மனதில் நினைத்திருந்ததும் அதேதான், அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் பிரஸ் மிஷின் ஓட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா. சந்தனம் குங்குமம் வைத்து ஒரு சாமந்தி மாலையும் போட்டேன். மாலை காற்றுப் போகிற ஓட்டையை மூடுகிறது என்று அவர் கழற்றி என் கழுத்திலேயே போட்டுவிட்டார், பார்த்தவர்கள் எனக்குத்தான் ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்தார்கள்.

இனிமேல்தான் விஷயம். மாட்டுவதற்கு முன்னால் அவர் ஒரு படிவத்தை நீட்டி, இந்த வீட்டில் மழைத் தண்ணீர் அதிகபட்சம் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று கேட்டார். பக்கத்து வீட்டுத் துலுக்கானம் காம்பவுண்டு சுவர்மேல் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னேன், "நம்ம ஊட்டாண்ட தண்ணி நின்னதே கெடயாது நைனா, மூணு அடி மண்ணு கொட்டி அஸ்திவாரம் போட்டவன் நானு." அவர் இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரமும் அதையே சொல்லி, படிவத்தில் இல்லை என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை நம்பி அவர் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மாட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமையும் நேற்றும் மழை. சுவர் நனைந்ததும் நான் இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடித்து மறைத்த அந்தப் பழைய வெள்ளத்தின் கோடு பழுப்பாக ஊறி வெளியே வந்துவிட்டது, நேராகப் பேட்டரிக்குப் பின்னால் போய் அந்தப் பக்கம் வருகிறது. உன் அம்மா ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள், "ஏன்யா, கோடு பேட்டரி இடுப்புல கீது. தண்ணி வந்தா ஒன் வாயி வந்து தடுக்குமா?" விஜி, வெள்ளம் வந்த அந்த வருஷம் நீ ஹாஸ்டலிலிருந்து அழுதுகொண்டே போன் செய்தபோது சொட்டுத் தண்ணி வரவில்லை என்று சொன்னேன் அல்லவா, அப்போது நான் கட்டில்மேல் நின்றுகொண்டுதான் பேசினேன். உன் அம்மா பீரோமேல் உட்கார்ந்திருந்தாள். நீ பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்றுதான் முதலில் சொன்னது, அப்புறம் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஆகிப்போனது.

காலையில் சரவணக்குமாருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "தண்ணி உள்ள பூந்துட்டா காஞ்சப்பறம்கூட ஆன் பண்ணக் கூடாது அண்ணாத்தே, பத்து நாளு கழிச்சிகூடப் பத்திக்கும். அந்தச் சுவுத்துக்கு இந்தாண்டதானே அம்மா படுக்கறாங்க?" என்றார். போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பேட்டரியை அணைக்க வைத்தார். மதியத்துக்குள் வருகிறேன் என்றார். மணி பன்னிரண்டு ஆகிறது, காணோம். தூறல் ஆரம்பித்துவிட்டது. கரண்ட் மட்டும் போகாமல் இருக்க வேண்டும். இரு, வண்டிச் சத்தம் கேட்கிறது.

மாலை நாலரை. மாட்டியாகிவிட்டது. கழற்றி, தகரத்தையும் உயர்த்தி, இப்போது பேட்டரியின் அடிப்பாகமே தரையிலிருந்து நாலு அடி. புதுப் படிவம் கொடுத்தார், இரண்டரை அடி என்று எழுதினேன். துலுக்கானம் விடவில்லை, சுவர் ஏறிக் குதித்து டேப்போடு வந்து கோட்டில் பிடித்துக் காட்டினான், "ரெண்டே முக்கா மாமே, கால் அடிய எங்க ஊட்டுக்கு அனுப்பிட்டியா?" சரவணக்குமாரே சிரித்துவிட்டார். இரண்டரையை அடித்துவிட்டு இரண்டே முக்கால் என்று எழுதினேன். இப்போது மழை கொட்டுகிறது, ஐந்து நிமிஷம் முன்னால் கரண்ட் போனது, அம்மாவின் மிஷின் ஒரு மூச்சுக்கூடத் தவறவில்லை. நான் எட்டித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். இதில் கூட்டிக் குறைத்து எதுவும் சொல்லவில்லை.

வேப்புலி அம்மன் துணையில் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். உன் வீட்டிலும் பேட்டரி வைத்தால் கேட்பவரிடம் உள்ளதைச் சொல். இன்னொன்று, தண்ணீர் வந்ததா, அம்மாவுக்கு முடியவில்லையா என்று நீ கேட்டு நான் ஒன்றுமில்லை என்று சொன்னால் போனை வைத்துவிடாதே. இன்னொரு தரம் கேள். அதற்கும் அதையே சொன்னால், அம்மாவிடம் கொடுக்கச் சொல்.

இரண்டே முக்கால் அடிக்குக் கீழே போட்ட அதே கையெழுத்தில்,
உன் அப்பா
நடேசன்