தங்கச்சியின் காத்தோ நிலம்

புவெர்த்தோ லிரியோ, சாப்பாரே
நவம்பர் 8, 2004

பிடிவாதக்காரி நிகோலாசாவுக்கு,

உன் அக்கா செனோபியா எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். என்னை ஆடு மேய்க்க அனுப்பிவிட்டு உன்னை மட்டும் பள்ளியில் வைத்ததை நான் மறக்கவில்லை.

நல்ல செய்தி. நம் கோக்காச் செடியைப் பிடுங்க வந்த பட்டாளம் போய்விட்டது! இனி வீட்டுக்கு ஒரு காத்தோ, நாற்பது மீட்டருக்கு நாற்பது, வெளிப்படையாகவே பயிரிடலாம். இலையைச் சந்தையில் விற்கலாம். ஊரே ஆடியது. என் முழங்கால்கூட வலிக்க மறந்துவிட்டது.

ஒருவன் முகம்தான் தொங்கிப்போயிருக்கிறது, போர்ஃபிரியோ. பட்டாளம் பிடுங்கப் பிடுங்க அவனுடைய கள்ள வியாபாரத்தில் விலை ஏறியது, வாயில் தங்கப் பல்லும் ஏறியது. இலையை மண்ணெண்ணெயில் மிதித்துப் போதைக் கூழாக்கும் குழிக்கு இப்போது எவள் ஒளிந்துபோய் விற்பாள்? அதனால் ஆளில்லாத நிலங்களைத் தனக்குத் தரச்சொல்லி நம் விவசாயிகள் சங்கத்தை நச்சரிக்கிறான். உன் நிலத்தையும்தான். கிறிஸ்துமஸுக்கு முன் நில அளவை. விடியும்போது எந்த வீட்டில் அடுப்புப் புகை தெரிகிறதோ அந்த நிலத்துக்குத்தான் சங்கம் அளவுக் கயிறு போடும். வந்து சேர்.

உன் வீட்டுக்காரர் வருவது உன் பாடு. அவர் குழிக்கு மண்ணெண்ணெய் சுமந்த தடத்தைப் பிடித்து வந்துதான் என் செடிகளைப் பிடுங்கினார்கள். எந்தச் செடி முதலில் போனது என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது.

இன்னும் கோபமாக,
செனோபியா


கோச்சபாம்பா
நவம்பர் 21, 2004

என் அக்காவுக்கு,

உன் திட்டைப் படித்து எத்தனை காலம் ஆயிற்று! பேரப்பிள்ளைகள் சுகமா?

என் வேர்க்கடலை சூப் கடை நன்றாக ஓடுகிறது. என் வீட்டுக்காரர் ருஃபினோ சிறையிலிருந்து வந்துவிட்டார். இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன்: அவர் சுமந்த டின்கள் போர்ஃபிரியோவுடையவை. சுமந்தவர் உள்ளே கிடந்தார், சுமக்கச் சொன்னவன் நிலம் கேட்டுத் திரிகிறான். பெயரைச் சொன்னால் அவன் ஆட்கள் என்னைத் தொலைத்துக்கட்டுவார்கள் என்றுதான் இவர் வாய் திறக்கவில்லை. அந்த நாளில் நீ ஒரு தடவையாவது சிறைப்பக்கம் எட்டிப் பார்த்தாயா?

ஊருக்கு வர எனக்கு ஆசைதான் அக்கா. இவருக்குத்தான் உங்கள் முகத்தில் விழிக்கக் கூச்சம். நிலம் போனால் போகட்டும்.

உன் தங்கை,
நிகோலாசா


புவெர்த்தோ லிரியோ
டிசம்பர் 12, 2004

நிகோலாசா,

போனால் போகட்டுமா? நேற்று அளவை நடந்தது. நான் உன் வீட்டிலும் அடுப்பை மூட்டி, இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடி ஓடி ஊதினேன். அந்தத் தங்கப்பல்லன் பார்த்துவிட்டான்.

"அது நிகோலாசா புகை இல்லீங்க! இந்தக் கிழவியேதான் ரெண்டு அடுப்பையும் ஊதுறா!"

சங்கத் தலைவி காசிமிரா என்னைப் பார்த்தாள். "என்னக்கா, ரெண்டு வீட்லயும் நீதான் சமைக்கிறியா?"

"ஆமாடி. இங்க மீனு, அங்க மரவள்ளி. வயசாச்சுல்ல, பசி ஜாஸ்தி."

"அதான் மூஞ்சியெல்லாம் கரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "என் மூஞ்சில கரிதான். அவன் கையை மோந்து பாருங்க, மண்ணெண்ணெய் வாடை போயிருக்கான்னு!"

சிரிப்பு நின்றுவிட்டது. காசிமிரா கயிற்றைச் சுருட்டினாள். "ஒருத்தன் குழிக்கு வித்தாலும் பட்டாளம் எல்லார் வீட்டுக்கும் திரும்பி வரும். டின்னு சுமந்தவரு சபையில வந்து சொல்லட்டும். சொன்னா நிலம் அவங்களுக்கு. சொல்லலைன்னா போர்ஃபிரியோவுக்கு."

வரும் ஞாயிறு சபை. அவரிடம் சொல்.

செனோபியா


கோச்சபாம்பா
டிசம்பர் 16, 2004

அக்கா,

உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு இவர் எழுந்துபோய்ச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டார். வருகிறார். கடையை விட்டு என்னால் வர முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. சாப்பிடும் முன் அவரைத் திட்டாதே.

நிகோலாசா


புவெர்த்தோ லிரியோ
டிசம்பர் 20, 2004

நிகோலாசா,

பயந்தது போதும். அவரும் பயந்துகொண்டுதான் எழுந்தார். ஆனால் எந்த டின், எந்தப் படகு, யார் ஏற்றியது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். "பொய்! சிறைக்குப் போனவன் பேச்சு!" என்று போர்ஃபிரியோ குதித்தான். உடனே படகுக்காரன் எழுந்து, "என் படகுதாங்க. என்னையும்தான் மிரட்டினான்" என்றான். பிறகு இன்னொருத்தி எழுந்தாள், இன்னொருவன் எழுந்தான். இத்தனை பேரில் யாரைத் தனியாகப் பிடித்து மிரட்டுவான்? தொப்பியைக்கூட எடுக்காமல் ஆற்றுப்பக்கம் நடையைக் கட்டினான். பின்னாலேயே குழந்தைகள் தகரம் தட்டிக்கொண்டு ஓடின.

அப்புறம் சபையில், ஆளுக்கொரு பிடி எடுத்து மெல்லும் கோக்கா இலைத் துணி சுற்றி வந்தது. உன் வீட்டுக்காரர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துணியை நான்தான் இரண்டு கையாலும் நீட்டினேன்.

"எடுங்க மாப்பிள்ளை."

"மதினி, நான்..."

"எடுங்கங்கறேன். கை வலிக்குது."

எடுத்தார். கயிறு போட்டாயிற்று. நிலத்தின் நாலு மூலையிலும் சோளக் கள்ளான சிச்சாவை ஊற்றிப் பூமித்தாய்க்குக் கொடுத்தோம், மிச்சத்தை நாங்கள் குடித்தோம். இப்போது அவர் என் வீட்டில் உட்கார்ந்து மீனை ஒழித்துக்கொண்டிருக்கிறார்.

அவரை மன்னித்தாயிற்று. இத்தனை காலம் உண்மையை என்னிடம் மறைத்த உன்னை இன்னும் இல்லை. அதை நேரில்தான் செய்வேன். கடையைப் பூட்டிவிட்டு வண்டி ஏறு.

செனோபியா