பூஜை நடக்கிறது

ஆடி 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. கோலம் போட்டு நிமிர்வதற்குள் மாவைக் காணோம்.

மில்லில் ஸ்ட்ரைக் தொடங்கி ஒரு மாதம் தாண்டிவிட்டது. பால் பாதி. காபி நிறுத்தம். துவரம்பருப்புக்குப் பதில் தட்டைப்பயறு. விளக்குக்கு ஊற்றும் நல்லெண்ணெயில் மட்டும் இன்னும் கை வைக்கவில்லை.

பகல் கேட் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் மைக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாராம். முத்திருளன் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் பதிலித் தொழிலாளி. நிரந்தர ஆள் யாராவது லீவு போட்டால்தான் அன்று அவனுக்கு வேலை. வாய் ஓயாதவன்.

"ஒண்ணுமில்ல மதினி. அண்ணே வெயில்ல லேசா சாஞ்சுட்டாக. பதறாதீக."

பதறியது அவன்தான். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடத் தெரியாமல் சுவரில் சாத்தினான், அது விழுந்தது.

டாக்டர் சொன்னது: ரத்தக்கொதிப்பு. உப்பு குறைக்க வேண்டும். வேளைக்குச் சோறு. பகலில் ஒரு மணி நேரமாவது கண்டிப்பாகத் தூக்கம். இதை எல்லாம் என்னைப் பார்த்தே சொன்னார். யூனியன் செயலாளரிடம் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்த டாக்டர்.

ஆடி 4, புதன்

தூங்கினாரா? இல்லை.

இன்று வந்தவர்கள்: ரேஷன் கடையில் தகராறு என்று ஒருவர். மகளுக்கு வளைகாப்பு, எப்படி நடத்த என்று ஒருவர். வீட்டுக்காரன் காலி செய்யச் சொல்கிறான் என்று இரண்டு பேர். சும்மா பார்த்துப் போக நாலைந்து பேர். சும்மா வருகிறவர்கள்தான் அதிக நேரம். இலையில் போட்ட சோறு ஆறி, திரும்பச் சட்டிக்குப் போனது.

படுங்கள் என்றேன்.

"பாதி வீட்ல அடுப்பு பத்தலை. நான் பட்டப்பகல்ல காலை நீட்டிக் கெடந்தா, தலைவரே படுத்துட்டாருன்னு ஊரு பேசும். அப்புறம் ஸ்ட்ரைக்கும் படுத்துரும்."

காரணம் அது மட்டும் இல்லை, எனக்குத் தெரியும். போன தடவை பேச்சுவார்த்தையை விடிய விடிய இழுத்தார்கள். கண் சொருகிய நிலையில் கையெழுத்துப் போட்டார். நிரந்தர ஆட்களுக்குக் கிடைத்தது. பதிலிக்காரர்கள் விட்டுப்போனார்கள். முத்திருளன் அதைப் பற்றி இவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் இவருக்குத் தூக்கம் வந்திருக்குமோ என்னவோ.

அடுத்த புதன் லேபர் ஆபீசில் மறுபடி பேச்சு. அதுவரை இவர் நிற்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது, புத்தி தெளிவாக இருக்க வேண்டும். விளக்கேற்றும்போது அம்மனிடம் இதைத்தான் கேட்டேன். ஜெயிக்க வேண்டும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ஆடி 6, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. மாவிளக்கு. வெல்லம் குறைவு, ஒட்டவில்லை.

காலையில் ஒன்று கவனித்தேன். இந்த வீட்டில் இவரை எங்கிருந்தாலும் கூப்பிடுகிறார்கள். சாப்பிடும்போது, பின்கட்டில் பல் தேய்க்கும்போது, குளியலறைக் கதவைத் தட்டிக்கூட. பூஜை அறைக்குள் இருக்கும் ஆளை மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இவர் சாமி கும்பிடுகிறவர் இல்லை. பல்பு மாற்ற மட்டும் அந்த அறைக்குள் போவார்.

பாயைப் போட்டு, உள்ளே போங்கள் என்றேன்.

"என்னையவா? நான் நுழைஞ்சா உன் சாமி எந்திரிச்சு வெளிய போயிரும்."

"அது பாட்டுக்கு இருக்கும். நீங்க படுங்க."

சிரிக்கத் தெம்பில்லாமல் சிரித்துவிட்டுப் போனார். சின்ன அறை. முழங்காலை மடக்கித்தான் படுக்க முடியும். தலை சாமி பக்கம், கால் கதவுப் பக்கம் என்று சொல்லிவிட்டேன். கதவைச் சாத்துவதற்குள் தூங்கிப்போனார்.

உடனே வாசலில் முத்திருளன், கூட இரண்டு பேர். "அண்ணே இருக்காகளா?"

"பூஜை நடக்குது" என்றேன்.

யார் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத் தெருவில் போய் நின்றார்கள்.

சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே. கதவை ஒட்டி உட்கார்ந்து நூற்றெட்டுப் போற்றி சொன்னேன். ஆகவே பூஜை நடந்தது.

ஆடி 8, ஞாயிறு

நேற்றும் இன்றும் அதே போல. இன்று குறட்டை இன்னும் பலம். அது ஏற ஏற நானும் குரலை ஏற்ற வேண்டியதாயிற்று. தொண்டை கட்டிவிட்டது. சுக்கு வெந்நீர்.

பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி மாவு சலிக்க வந்தவள், சல்லடையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஏக்கா, உங்க வீட்டுக்காரரு சாமியாராயிட்டாராம்ல? காளவாசல் டீக்கடை வரைக்கும் அதான் பேச்சாம். எங்க வீட்டு ஆளு சொல்லுது."

"சொல்லட்டும்."

"மாலை போட்டு மலைக்குப் போறாராமே?"

"சல்லடையைப் பிடி, மாவு கொட்டுது."

சாயங்காலம் இவர் காதுக்கும் போய்விட்டது. எதிர் யூனியன்காரர்கள் கேட்டில் நின்று, வெளியே கொடி பிடிக்கிறவர் உள்ளே மணியாட்டுகிறார் என்று கேலி செய்தார்களாம். வந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்தார்.

"இருவது வருசமா ஊருக்கு ஒண்ணு சொல்லிக்கிட்டிருக்கேன். அம்புட்டையும் மூணே நாள்ல கவுத்திட்டியே!"

நான் கேட்டேன்: "அப்ப தூங்குறாகன்னு சொல்லிறட்டுமா?"

எது பெரிய மானக்கேடு என்று கணக்குப் போட்டிருப்பார். மோர் கேட்டார். உப்பில்லாத மோர். முழுதும் குடித்தார்.

ஆடி 9, திங்கள்

பாயை இவரே எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றியாயிற்று. முகத்து வீக்கம் வடிந்திருக்கிறது. ராத்திரி, மோட்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே பேசுவது குறைந்திருக்கிறது.

பால்காரர் பாக்கி பற்றிக் கேட்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஆடி 11, புதன்

லேபர் ஆபீஸ். காலையிலேயே போய்விட்டார்கள். பதிலிக்காரன் ஒருவனும் கூட இருக்க வேண்டும் என்று முத்திருளனையும் கூட்டிப் போனார்.

எனக்கு வேலை ஓடவில்லை. அரிசி புடைத்தேன். புடைத்ததையே மறுபடி புடைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இரண்டு பேரும் வந்து நின்றார்கள். இத்தனை சீக்கிரம் வந்ததால் முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். முத்திருளன்தான் சொன்னான்.

"நாள் பூரா ஒண்ணுமே பேசல மதினி. டீயும் வடையுமா இழுத்தடிச்சாங்க. எல்லாருக்கும் தலை தொங்குன நேரம் பாத்து, இந்தாங்கன்னு பேப்பரை நீட்டுறாங்க. அண்ணே ஒரு தரம் பாத்தாக. மூடி வச்சுட்டு எந்திரிச்சு, 'பூஜைக்கு நேரமாச்சு, நாளைக் காலையில பாப்போம்'ன்னுட்டாக!"

"யாரு? இவரா?"

"அட ஆமாங்குறேன். மேனேஜரு நெத்தி நிறைய விபூதி. பூஜைக்குப் போகாதேன்னு அவரு எப்படிச் சொல்லுவாரு? வாயைத் தொறந்தாரு, மூடிக்கிட்டாரு."

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுச்சு" என்றார். "போன தடவையும் அப்படித்தான் தெரிஞ்சுச்சு. அப்ப எந்திரிக்கத் தோணல."

சாப்பிட்டார். கத்தரிக்காய் கூட்டு, இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டார். படுத்தார்.

ஆடி 12, வியாழன்

காற்று குறைவு. மேகம்.

மதியத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. தூங்கித் தெளிந்த கண்ணோடு படித்ததில், பதிலிக்காரர்களை 'இயன்றவரை' நிரந்தரமாக்குவது என்று எழுதியிருந்ததைப் பிடித்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையை அடித்த பிறகுதான் கையெழுத்து. கேட்ட கூலி முழுதாகக் கிடைக்கவில்லை. பதிலிக்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

அம்மனுக்கு நெய்விளக்கு. போற்றி சொன்னேன், மெதுவாக.

ஆடி 13, வெள்ளி

காலையில் தெருவே நிறைந்துவிட்டது. மாலை, வெடி, தட்டில் சூடம், பெரிய தேங்காய் ஒன்று. முத்திருளன் முன்னால்.

"அண்ணே, பூஜை பலிச்சிருச்சு! மில் வாசல்ல நீங்கதான் தேங்காய் ஒடைக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். தேங்காயை இவர் கையில் வைத்தார்கள். நான் நிலைப்படியில்.

இவர் தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மீட்டிங்கில் பேசும் குரலிலேயே சொன்னார்.

"நான் பூஜை செய்யலப்பா. தூங்கினேன். நீங்க எல்லாம் பட்டினியா வெயில்ல நின்னப்ப, நான் தெனமும் உள்ள படுத்துத் தூங்கினேன். ஒடம்பு முடியல. சொல்ல வெக்கமாயிருந்துச்சு."

வெடிக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

முத்திருளன் தலையைச் சொறிந்தான். "தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"மொத நாளே தெரியும். மதினி போற்றி சொல்லச் சொல்ல, நீங்களும் விடாம எசப்பாட்டுப் பாடினீகளே. தெருமொனை வரைக்கும் கேட்டுச்சு." கூட்டத்தில் சிரிப்பு. "சும்மா வாரவுகளை அங்கனயே மறிச்சுத் திருப்பிவிட ரெண்டு பேரைப் போட்டிருந்தோம். பூஜைன்னு டீக்கடையில பரப்புனதும் நாங்கதான்."

எனக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. அத்தனை நாள் தொண்டை வறண்டு கத்தியிருக்கிறேன்.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரிஞ்சும் ஏண்டா ஒருத்தனும் சொல்லல?"

"சொன்னா எந்திரிச்சிருவீகளே."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. இவர் தேங்காயை என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனார். வெகு நேரம் தண்ணீர்ச் சத்தம். அவர்கள் வெயிலில் அப்படியே நின்றார்கள்.