ஏப்ரல் வரை பொறுத்தால் 957 பவுண்டு மிச்சம்

பிப்ரவரி 17, செவ்வாய்
கிரிம்ஸ்பி மீன் தொழிற்சாலையை மூடுகிறார்கள், நான் அங்கே உழைத்த இருபத்தாறு வருடத்துக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள். முப்பத்தாறாயிரம் பவுண்டு என் கணக்கில் ஏறிவிட்டது. வீட்டுக் கடன் பாக்கி நாற்பத்தோராயிரம். உடனே வங்கிக்குப் போன் போட்டேன். வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்குதான் கூடுதலாகச் செலுத்தலாமாம், அதாவது 4,100. அதைத் தாண்டினால் நூற்றுக்கு மூன்று அபராதம். மீதி 31,900-க்கு 957 பவுண்டு. கடனை அடைக்க வருகிறவனுக்கு அபராதம்! "மார்ச் முப்பத்தொண்ணோட உங்க வட்டி மாறாத ஒப்பந்தக் காலம் முடியுது சார். அதுவரைக்கும் பொறுத்தா ஒரு பென்னி கூட வேணாம்," என்றாள் வங்கிப் பெண், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து.

ஆறு வாரம்.

பிப்ரவரி 18
957-ஐக் கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று கெய்னரிடம் சொன்னேன். பற்பசைக் குழாயை வெட்டி வழித்தெடுக்கிறவள் என் மனைவி. "பேங்க்காரன் வீட்டுல கல்யாணமா நெவ், நீ போய் மொய் எழுத? ஆறு வாரம் சும்மா கெடக்கட்டும். பணம் என்ன மீனா, கெட்டுப்போக?"

4,100 மட்டும் செலுத்தினோம்.

பிப்ரவரி 26
நான்கு வருடத்துக்கு முன் கைபேசியிலேயே குதிரைப் பந்தயம் கட்டிப் பதினோராயிரம் தொலைத்தேன். பிறகு தொடவில்லை. ஆலையை மூடப்போவதாகச் சொன்ன வாரத்திலிருந்து மறுபடியும் — ஐந்து பவுண்டு, பத்து பவுண்டு, அவ்வளவுதான். அவ்வளவுதானா? மறுபடி தொடங்கியது கெய்னருக்குத் தெரியாது. பணத்தை அவள் பெயருக்கு மாற்றலாம், ஆனால் ஏன் என்று கேட்பாள். நேற்றுகூடச் சொன்னாள்: "உன் பேர்லயே இருக்கட்டும். இப்ப நீ பழைய ஆளா என்ன?" அதற்குப் பதில் அவள் என்னை அறைந்திருக்கலாம்.

மார்ச் 3
இன்று பந்தயம் எதுவும் கட்டவில்லை. பணம் இருக்கிறதா என்று ஒன்பது தடவை பார்த்தேன்.

மார்ச் 8
செவ்வாய்க்கிழமை செல்ட்டனம் பந்தயம் தொடங்குகிறது. நாலு நாள். பெட்ரோல் நிலையம், பேருந்து நிறுத்தம், எங்கே நின்றாலும் குதிரைப் பேச்சுதான். 957-ஐ மிச்சப்படுத்தச் சொன்னவர்கள் இந்த நாலு நாளைக் கணக்கில் சேர்த்தார்களா?

மார்ச் 11
ஐம்பது கட்டினேன். எழுநூறு வந்தது. ஐயோ, வந்துடுச்சே. தோற்றிருந்தால் நிறுத்தியிருப்பேன். பயமா இருக்கு.

மார்ச் 12
எழுநூறும் போச்சு. கூடவே ஆயிரத்து அறுநூறு. ரெண்டு மணி நேரத்துல. நாளைக்கும் பந்தயம் இருக்கு, கணக்குல இன்னும் முப்பதாயிரத்து முந்நூறு இருக்கு. என்னை யார் பிடிச்சு நிறுத்துறது?

மார்ச் 13, வெள்ளி
காலையில் கைபேசியில் பந்தயக் கணக்கைத் திறந்து கெய்னரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நின்றபடியே தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் அன்னிக்கே குடுத்துடலாம்னியா?"

"ஆமா."

"வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?"

வங்கி திறந்ததும் அவளே பேசினாள். "இன்னும் பதினெட்டு நாள்தான் மேடம், பொறுத்தா அபராதமே இல்ல," என்றது போனில் ஒரு குரல்.

"பதினெட்டு நாள் எங்களுக்குத் தாங்காது கண்ணு. இப்பவே எடுத்துக்கோ."

30,300-ம் கடனுக்குப் போனது. அபராதம் 909. தோற்றுவிட்ட 1,600-க்கு அபராதம் கிடையாது, அந்த வகையில் 48 பவுண்டு மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறேன். 909-ஐத் தன் சம்பளத்திலிருந்து செலுத்தினாள். வெட்கத்தில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 1, புதன்
இன்று செலுத்தியிருந்தால் அபராதம் இல்லை. கெய்னரும் நாட்காட்டியைத் திருப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு வரைக்கும் அந்தப் பணம் இருந்திருக்குமா நெவ்?"

பொய் சொல்லவில்லை. "இருந்திருக்காது."

"அப்போ 909 சல்லிசுதான்."

இரண்டரை வாரமாக அவள் தனக்கு மட்டும்தான் டீ போட்டுக்கொண்டிருந்தாள். இன்று இரண்டு கோப்பையில் ஊற்றினாள்.