மதகடிப்பட்டும் போட்டியில் இருக்கிறது

இன்று காலை வில்லியனூரில் பஸ் ஏறியதும், மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். குப்பென்று சோம்பு வாசனை. அடித்துணியில் நாலைந்து சோம்பு, சர்க்கரைப் பூச்சு உதிர்ந்து, பச்சை நிறம் மங்கிக் கிடந்தது. பக்கத்து சீட்டுப் பெண், "இன்னாக்கா, பொட்டலம் கொட்டிக்கிச்சா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். இது பெரிய வழக்கு ஒன்றின் சாட்சிப் பொருள் என்று அவளுக்கு எப்படி விளக்குவது? எந்த ஊர் ஓட்டலில் எடுத்தது என்று எனக்கே நினைவில்லை. நீ இருந்திருந்தால் ஒன்றை எடுத்து மோந்து பார்த்து, கொஞ்சமும் கூசாமல் கோயம்புத்தூர் என்று சொல்லியிருப்பாய்.

உனக்கு எல்லாமே கோயம்புத்தூர்தான். எனக்கு மதுரை. எந்த ஊரில் ஓட்டல் சாப்பாடு ஒசத்தி என்கிற இந்தச் சண்டையை நாம் ஓயாமல் போட்டோம். வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் என் வேலை முடிந்து, கரிக்கலாம்பாக்கம் பஸ் வரும்வரை உங்கள் ரெடிமேட் கடையில்தான் உட்காருவேன். நைட்டிகள் தொங்கும் கம்பிக்குப் பின்னால் நம் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். கல்லாவில் உன் வீட்டுக்காரர். "இவங்க பேச்சக் கேட்டா பசி எடுக்குது" என்று முனகிக்கொண்டே டீ வாங்கி வர எழுந்து போவார். உன் மகள் வாழ்க்கைப்பட்டது கோயம்புத்தூரில், என் மகன் வேலை பார்ப்பது மதுரையில். அதனால்தான் நாம் அந்த ஊர்களைத் தூக்கிப் பிடிக்கிறோம் என்று அவர் சொல்லுவார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மனிதருக்கு விஷயத்தின் பாதிதான் தெரியும்.

முதல் தடவை நான் மதுரையைப் பற்றிப் பெருமை பேசிய நாள் ஞாபகம் இருக்கிறதா? கறிதோசையைப் பற்றி நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஒரு சுடிதாரை மடித்தபடியே குறுக்கே கேட்டாய்.

"யாருடி கேட்டு வாங்குனது?"

"பையன்தான் சொன்னான்."

"மெனு யாரு கையில இருந்திச்சி?"

"அவன் கையிலதான். அதுக்கு இன்னா இப்ப?"

"அப்ப அது ஒம் பையன் சாப்ட்ட ஓட்டலு. நீ எதுர்ல உக்காந்துனு இருந்த, அவ்ளோதான்."

எனக்கு வந்த கோபத்தில் டீயைக் கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டேன். பஸ்ஸில் போகும்போதுதான் யோசித்தேன். எனக்கு என்ன வேண்டும் என்று என் வாயால் ஒரு சர்வரிடம் நான் சொன்னதே கிடையாது. முதலில் அப்பா சொன்னார். பிறகு வீட்டுக்காரர் சொன்னார். இப்போது மகன் சொல்கிறான். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான், "இவங்களுக்கு ரெண்டு இட்லி போதும்." எனக்கு ஒரு காலத்திலும் ரெண்டு இட்லி பத்தியதில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நமக்குள் அது சட்டமாயிற்று. தனியாகப் போய் உட்கார்ந்து, நாமே கேட்டு வாங்கிச் சாப்பிட்டால்தான் அந்த ஊர் கணக்கில் சேரும். கல்யாணப் பந்தி சேராது, அடுத்தவர் வாங்கிக் கொடுத்தது சேராது. அளந்து விடக் கூடாது என்பதற்காக, பில்லோடு தட்டில் வரும் சோம்பைச் சாட்சியாகக் கொண்டு வர வேண்டும் என்று நீதான் சொன்னாய். ஆஸ்பத்திரிக்குப் போனாலும், சாவுக்குப் போனாலும், மகப்பேறு பார்க்கப் போனாலும், ஒரு வேளை நழுவி ஓர் ஓட்டலில் போய் உட்காருவோம். திருடப் போகிறவர்கள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வோம்.

மதுரையில் நான் முதல் முறை தனியாக உட்கார்ந்தபோது சர்வர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. கையை ஆட்டிக் கூப்பிட்டேன். "சார் வரட்டும்னு இருந்தேம்மா" என்றார். "சார் வரமாட்டாரு. ஒரு கறிதோச" என்றேன். அந்தக் கறிதோசை போல இன்றுவரை நான் எதையும் சாப்பிட்டதில்லை. நீ கோயம்புத்தூரில் புர்காவோடு போய் முன் ஹாலில் உட்கார்ந்தாய். குடும்ப அறை உள்ளே இருக்கிறது என்று காட்டினார்களாம். "ஏன், இங்க ஃபேன் ஓடாதா?" என்று கேட்டுவிட்டு நெய் ரோஸ்ட் சொன்னாயாம். அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாய். ஒவ்வொரு தடவையும் ரோஸ்ட் ஒரு முழம் நீண்டுகொண்டே போனது. சென்னையில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பதற்காக அந்த ஊருக்கு நாம் நிறைய மதிப்பெண் கொடுத்தோம். சாம்பார் வாயில் வைக்க விளங்கவில்லை, அது வேறு கதை.

சாட்சிகளை எல்லாம் நீ ஒரே பனியன் டப்பாவில் போட்டு வைத்தாய். எது எந்த ஊர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, எனக்குத் தெரியும் என்றாய். கடையில் எறும்பு மொய்க்கிறதென்று டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போனாய். உன் மருமகள் அதை அடுக்களைச் சோம்பு என்று நினைத்து அரைத்துக் குருமா வைத்துவிட்டாள். மறுநாள் நீ கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "கேஸு முடிஞ்சிதுடி. சாட்சிய எல்லாரும் சப்பாத்திக்குத் தொட்டுனு சாப்ட்டுட்டாங்க. இன்னாமா குருமா பாயாசமாட்டம் தித்திக்குதுன்னு கேட்டுனே எங்க வூட்டுக்காரரு ரெண்டாவது வாட்டி வாங்குனாரு."

பிறகு புதுச்சேரி டவுனுக்குப் போனோம், அதுவும் உன் ஏற்பாடுதான். கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரத் தெருவில், வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று சாப்பிடும் இடம். நம் வீட்டிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம், அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. மெனுவில் ஒரு பெயரும் விளங்கவில்லை. நீ விரலை வைத்த இடத்தில் இருந்ததைக் கொண்டு வந்தார்கள். "தட்டு பெருசாதான் இருக்குது, சோறு எங்கடி?" என்று என் காதில் கேட்டாய். சர்வர் நல்ல பிள்ளை. "மேடம் எந்த ஊரு?" என்று சிரித்தபடி கேட்டான். நீ கண் இமைக்காமல் கோயம்புத்தூர் என்றாய்.

திரும்பும் பஸ் மூலக்குளத்தைத் தாண்டியது. நீ திடீரென்று கேட்டாய்.

"நான் ஏண்டி அப்டி சொன்னேன்?"

"ஒனக்குத்தான் கோயம்புத்தூர் பைத்தியமாச்சே."

"அது இல்லடி. வில்லியனூருன்னு சொன்னா, ஏன் ஒங்க வூட்ல சோறு ஆக்கலியான்னு கேட்டுருவான்னு பயம். நம்ம ஊரத் தாண்டிப் போயி, வேற ஊர்க்காரியா ஆனாதான் நமக்கு சோறு எறங்குது."

அன்றைக்குத்தான் நீ பந்தயம் கட்டினாய். நம் பக்கத்தில், தெரிந்தவர்கள் கண் முன்னால், யார் முதலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளோ அவள்தான் ஜெயித்தவள். அவள் சொல்கிற ஊர்தான் ஒசத்தி, மற்றவள் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு நீ ஒதுக்கிய ஊர் மதகடிப்பட்டு. அங்கே என் நாத்தனார் இருக்கிறாள் என்றேன். "அதுக்குத்தான் சொல்றேன்" என்றாய்.

நான் போகவில்லை. மதகடிப்பட்டில் இறங்கும்போதெல்லாம் நாத்தனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினேன். உன் உடம்பு கெட்ட பிறகு ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக உன் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. நீ மெலிந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதகடிப்பட்டுல சாப்ட்டியா?" என்றாய். முதலில் ஒடம்பைப் பாருடி என்றேன். "எனக்கு இங்க கஞ்சிதான் குடுக்குறாங்க. காதுலயாவது ருசியா எதனா வுழட்டும். போய்ட்டு வந்து சொல்லு" என்றாய். அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன். உனக்கு அந்த அடுத்த வாரம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் எந்த ஊர் ஓட்டலிலும் கால் வைக்கவில்லை. மதுரைக்குப் போனபோது கூடப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனேன். சண்டை போட ஆள் இல்லாமல் சாப்பிட்டு என்ன பண்ணுவது? உன் கடையில் இப்போது மருமகள் உட்காருகிறாள். நம் ஸ்டூல்களை அவள் எடுக்கவில்லை. நான்தான் அந்தப் பக்கம் வராமல் எதிர்சாரியிலேயே நடந்து போய்விடுவேன்.

இன்று கண் டாக்டரைப் பார்க்கத்தான் மதகடிப்பட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை, சந்தை நாள், ஜங்ஷனில் நிற்க இடமில்லை. டாக்டரிடமிருந்து வெளியே வரும்போது நல்ல பசி. எதிரே புதிதாக ஓர் ஓட்டல், போர்டில் பெயின்ட் வாசனை கூடப் போகவில்லை. நாத்தனார் வீட்டுப் பக்கம் திரும்பிய கால், சோம்பு கிடந்த பையைக் கை தொட்டதும் நின்றுவிட்டது. இளநீர்க் கடையோரம் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த வயதில் ஓர் ஓட்டலுக்குள் நுழைய இவ்வளவு பயமா என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. உள்ளே போய், வாசலைப் பார்த்த முதல் மேஜையில் உட்கார்ந்தேன்.

நரைத்த மீசை வைத்த சர்வர் வந்தார். "பார்சலாம்மா?"

"இல்ல, இங்கதான்."

"எத்தினி பேரு?"

"ஒருத்திதான். மீனு இன்னா இருக்குது?"

காலையில் பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த சங்கரா இருப்பதாகச் சொன்னார். சாப்பாடும் சங்கரா வறுவலும் சொன்னேன். இலையில் கை வைத்ததும் வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால், காய்கறிப் பையோடு என் நாத்தனார். சந்தைக்கு வந்தவள் கண்ணில் சரியாக விழுந்திருக்கிறேன்.

"இன்னா அண்ணி, இங்க உக்காந்துனு இருக்கீங்க? வூட்ல எதனா சண்டையா? அண்ணன் இன்னா சொன்னாரு?"

ஓட்டலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீ பயந்த கேள்வியேதான். எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. ஆனால் சோறு வாயில் இருந்தது, அதை முழுங்கித்தான் பேச முடியும். முழுங்கி முடிப்பதற்குள் பயம் குறைந்துவிட்டது.

"அவரு ஒண்ணும் சொல்லல. பசிச்சிது, சாப்புடுறேன்."

"எங்க வூடு பக்கத்துலயே இருக்குது. அங்க வரக் கூடாதா?"

"வரலாம். வந்தா நீ சாப்புட மாட்ட. எனக்குப் போட்டுனு நின்னுனே இருப்ப. உக்காரு."

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். உங்களுக்கு இன்னாம்மா என்று சர்வர் கேட்டதும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். ரெண்டு இட்லி என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டதடி. அத்தனை வருஷம் கேட்ட வார்த்தை, எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடித்து அடக்கிக்கொண்டேன். "அவங்களையே கேளுங்க" என்றேன்.

நாத்தனார் வெகு நேரம் யோசித்தாள். சர்வர் அவசரப்படுத்தவில்லை, அதற்கே அந்த ஓட்டலுக்கு நான் மதிப்பெண் போட்டுவிட்டேன். கடைசியில் என் இலையை எட்டிப் பார்த்துவிட்டு, சின்னக் குரலில் கேட்டாள்: "சங்கரா வாணாம். நண்டு இருக்குதா?"

இருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, நண்டின் ஓட்டை உடைத்து உடைத்துச் சாப்பிட்டாள். அவளுக்கு நண்டு பிடிக்கும் என்று நான் கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது.

சரி, அறிக்கை. ரசம் தண்ணீர். சங்கராவில் காரம் சரி, உப்பு ஒரு கல் தூக்கல். நண்டைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை, நான் கேட்டு வாங்கியதில்லை. பில்லோடு சோம்பு வந்தது. ஒரு பிடி எடுத்துத் தாளில் மடித்தேன். எதுக்கு அண்ணி என்றாள் நாத்தனார். ஒருத்தியிடம் காட்டணும் என்று சொல்லி, உன்னைப் பற்றியும் நம் பந்தயத்தைப் பற்றியும் முழுக்கச் சொன்னேன். கோயம்புத்தூர் ரோஸ்ட்டை நீ நீட்டியதைவிட இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

பந்தயப்படி ஜெயித்தது நான். மதுரைதான் ஒசத்தி என்று சொல்லி வழக்கை இன்றைக்கே முடித்திருக்கலாம். ஆனால் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்த நாத்தனார், என் கைப்பையைத் தொட்டு நிறுத்தி, "அண்ணி, அந்தக் கோயம்புத்தூருக்கு நாம எப்ப போலாம்?" என்று கேட்டாள். அதனால் தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறேன். உன் கட்சிக்கு வாதாட ஆள் கிடைத்துவிட்டாள்.